இரண்டாவது இணைப்பின் விலை

'சர்வர் டவுன்' என்ற இரு சொற்களைக் கேளாமல் இன்று எவரும் அலுவலகப் பணி ஒன்றை முடித்துவிட முடியாது. சார் பதிவாளர் அலுவலகம், வங்கி, நியாயவிலைக் கடை, மருத்துவமனை என எங்கு சென்றாலும் விளக்கமாகவும் மன்னிப்பாகவும் அச்சொற்களே பயன்படுகின்றன. அண்மையில் பெரிய மருத்துவமனை ஒன்றின் மூன்றாவது தளத்தில், என் மனைவியின் பரிசோதனை அறிக்கைக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். எனக்குக் கிடைத்த விடையும் அதுவே. தண்ணீர் வாங்கக் கீழே இறங்கியபோது, தரைத்தளத்தில் பணம் செலுத்தும் கவுன்ட்டர் தங்குதடையின்றி இயங்கிக் கொண்டிருப்பதைக் கண்டேன். இரண்டுக்கும் சர்வர் ஒன்றுதான். அது நலமாகவே இருந்திருக்கிறது. மூன்றாவது தளத்துக்கும் அதற்கும் இடையிலான வழிதான் அறுந்திருந்தது.

அந்த இடைவழியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மக்களின் மருத்துவப் பதிவுகளை மின்னணு வடிவில் இணைக்கும் 'ஆயுஷ்மான் பாரத்' எண்ம இயக்கம் 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. கல்லூரிகளில் வருகைப் பதிவு முதல் தேர்வு வரை கணினிக்கு மாறிவிட்டன. செயலிகள் குறித்தும், தரவுப் பாதுகாப்பு குறித்தும் விவாதங்கள் நடக்கின்றன, அவை தேவையானவையே. ஆனால், மாடிப்படிக்குக் கீழே ஒரு தகர அலமாரியில், ஒட்டடை படிந்து, பச்சை விளக்குகள் கண்சிமிட்ட அமர்ந்திருக்கும் 'சுவிட்ச்' என்ற பெட்டியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அது நின்றால் அந்தத் தளமே நின்றுவிடும்.

பல தளங்கள் கொண்ட கட்டடத்தில் வலையமைப்பு எப்படி அமைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்புக் கம்பி வழியே தரவைச் சுமார் 100 மீட்டர் தொலைவுக்கு மேல் நம்பகமாகக் கொண்டுசெல்ல இயலாது. எனவே, ஒவ்வொரு தளத்திலும் ஒன்றோ இரண்டோ சுவிட்சுகள் வேண்டும். கணினிகளும், கூரையில் பொருத்தப்படும் வைஃபை கருவிகளும் அவற்றோடு இணைகின்றன. வைஃபை கருவிக்குத் தேவையான மின்சாரமும் அதே கம்பியிலேயே வருகிறது. தள சுவிட்சுகள் அனைத்தும் கண்ணாடி இழை மூலம் கீழ்த்தளத்தில் உள்ள மைய சுவிட்சுடன் இணைக்கப்படுகின்றன. கைப்பேசியில் நாம் காண்பது கம்பியில்லா இணைப்பு என்றாலும், கூரை வரைதான் அதற்குக் கம்பி கிடையாது. அதற்கு அப்பால் எல்லாமே கம்பிதான்.

மைய சுவிட்ச் பழுதடைந்தால் கட்டடம் முழுவதும் முடங்கும் என்பதால் அதை இரண்டாக அமைப்பது வழக்கம். ஒவ்வொரு தளத்திலிருந்தும் இரண்டு இழைகள் இறங்கி, மைய சுவிட்சுக்கு ஒன்றாக இணையும். இதன் கணக்கு கவர்ச்சியானது. ஒரு சுவிட்ச் ஆண்டில் நூற்றில் ஒரு பங்கு நேரம் செயலிழக்கும் என்று வைத்துக்கொண்டால், அது ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ 88 மணி நேரம். இரண்டும் ஒரே சமயத்தில் செயலிழக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது, ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. செலவு இருமடங்கு, முடக்கம் நூறில் ஒரு பங்கு. எந்த நிதி அதிகாரியும் மறுக்க முடியாத வாதம்.

ஆனால், இந்தப் பெருக்கல் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒன்றின் பழுது மற்றதன் பழுதோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும். பொருளாதார மாணவர்களுக்கு 2008-ஆம் ஆண்டின் அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடியைக் கற்பிக்கும்போது நான் வலியுறுத்திய செய்தியும் இதுதான். எல்லா ஊர்களிலும் வீட்டு விலை ஒரே நேரத்தில் விழாது என்ற நம்பிக்கையில், பல ஊர்க் கடன்களை ஒன்றாகக் கட்டி, பாதுகாப்பானவை என்று விற்றார்கள். விழுந்தபோது எல்லாம் சேர்ந்தே விழுந்தன. இரண்டு சுவிட்சுகளின் கதையும் பல கட்டடங்களில் அப்படித்தான் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் கல்வி நிறுவனம் ஒன்றின் கொள்முதல் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தேன். ஐந்து தளக் கட்டடம். இரண்டு மைய சுவிட்சுகள், தளம் ஒன்றுக்கு இரண்டு இழைகள் எனக் கோப்பில் அனைத்தும் முறைப்படி இருந்தன. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினேன். இரண்டு மைய சுவிட்சுகளும் ஒரே அலமாரியில், ஒன்றன் மேல் ஒன்றாக, ஒரே யுபிஎஸ்ஸிலிருந்து வந்த ஒரே 'எக்ஸ்டென்ஷன்' பலகையில் செருகப்பட்டிருந்தன. இரண்டு இழைகளும் ஒரே குழாய் வழியாக மேலே ஏறின. ஒரு தச்சரின் துளைக் கருவி தவறிப் பட்டால் போதும், இரண்டும் போய்விடும்.

"ஓர் இழையைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். ஒப்பந்ததாரரின் பொறியாளர் தயங்கினார். "வேண்டாம் சார், ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம்" என்றார். வற்புறுத்திய பின் மைய சுவிட்ச் ஒன்றிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு, மூன்று, நான்காம் தளங்கள் உடனே மௌனமாயின. தேடிப் பார்த்ததில், அத்தளங்களின் இரண்டாவது இழைகள் முனையில் தூசு மூடி அணிந்து, அழகாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. சில மாதங்களுக்கு முன் வலையமைப்பு முழுவதும் ஒரு நாள் முடங்கியதாம். இரண்டாவது இழைதான் காரணம் என்று கண்டு, தொழில்நுட்ப உதவியாளர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டார். அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

அந்த உதவியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். வலையமைப்பு ஓடினால் அவரைப் பாராட்டுவார் இல்லை. நின்றால் முதல்வர் அறைக்கு அழைப்பு வரும். தொல்லை தந்த ஒன்றை அகற்றியது அவர் நிலையில் பகுத்தறிவுக்கு உகந்த முடிவே. தணிக்கையாளரும் அவர் பக்கமே நிற்பார். பயன்படாமல் கிடக்கும் இரண்டாவது கருவியை 'முடங்கிய முதலீடு' என்றுதான் தணிக்கைக் குறிப்பு சொல்லும்.

இரண்டாவது இழை எப்படித் தீங்கு செய்யும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு வழிகள் இருந்தால் ஒரு சுழல் உருவாகிறது. சுவிட்சுகள் வழியே செல்லும் தரவுப் பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. 'எல்லாருக்கும்' என்று முகவரியிட்டு அனுப்பப்படும் ஒரு பொட்டலம் அந்தச் சுழலில் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் நகல்களைப் பரப்பி, சில நொடிகளில் வலையமைப்பு முழுவதையும் நிரப்பிவிடும். இதற்குத் தீர்வு கண்டவர் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. 1985-ஆம் ஆண்டு அவர் வகுத்த நெறிமுறைப்படி, சுவிட்சுகள் தமக்குள் பேசி ஒரு தலைமை சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும். அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாதையைத் திறந்து வைத்து, மற்றவற்றை மூடி வைக்கும். திறந்த பாதை அறுந்தால் மூடிய பாதை தானாகத் திறக்கும். அதை விளக்க அவர் ஒரு சிறு கவிதையும் எழுதினார். தொழில்நுட்ப ஆய்வுத்தாளில் கவிதை இடம்பெறுவது அரிது.

அந்தத் தேர்தலில் ஒரு வேடிக்கை உண்டு. எது தலைவர் என்பதை நிறுவுவோர் குறிப்பிடாமல் விட்டுவிட்டால், எல்லா சுவிட்சுகளும் சமமான முன்னுரிமை எண்ணோடு போட்டியிடும். அப்போது தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட முகவரி எண் எதற்குக் குறைவோ அதுவே வெல்லும். பெரும்பாலும் அது கட்டடத்திலேயே மிகப் பழைய சுவிட்சாக இருக்கும். விலை உயர்ந்த மைய சுவிட்சுகள் கீழே காத்திருக்க, மொட்டைமாடிப் பண்டக அறையில் யாரோ எப்போதோ மாட்டிய எட்டு முனைப் பெட்டி வலையமைப்பு முழுவதற்கும் தலைமை ஏற்கும். பணிமூப்பு அடிப்படையில் பதவி உயர்வு பெற்ற என் தலைமுறை ஆசிரியர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று என்பதை 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் கண்டது. அங்குள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம், 1996-இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை. மருத்துவத்தில் கணினியைப் பயன்படுத்துவதில் அந்நாட்டுக்கே முன்னோடி. நவம்பர் 13 அன்று அதன் வலையமைப்பு திணறத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு நாட்கள் அது மீளவில்லை. மருத்துவர்கள் காகிதத்தில் மருந்துச் சீட்டு எழுதினர். ஆய்வக முடிவுகளை ஆட்கள் கையில் ஏந்தி ஓடினர். காகிதத்தில் உத்தரவு எழுதியே அறியாத இளம் மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவசரப் பிரிவு சில மணி நேரம் ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பியது.

சர்வர் பழுதாகவில்லை. எவரும் தாக்கவுமில்லை. ஆய்வாளர் ஒருவர் பெருமளவு தரவை அனுப்பியது பொறியாக அமைந்தது. பற்றி எரிவதற்கான விறகு ஏற்கெனவே குவிந்திருந்தது. பெர்ல்மனின் நெறிமுறை, வழக்கமான அமைப்பில் ஏழு சுவிட்சுகள் வரையிலான தொடருக்கே ஏற்றதாகக் கருதப்படும். அந்த மருத்துவமனையிலோ ஒவ்வொரு துறையும், ஒவ்வொரு புதிய கட்டடமும் சேர்ந்து சேர்ந்து, சில பகுதிகளில் தொடர் அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. நெரிசலில் சுவிட்சுகளுக்கு இடையிலான பேச்சு தடைபட்டதும், மூடியிருக்க வேண்டிய வழிகள் திறந்துகொண்டன, சுழல்கள் பிறந்தன. வழிகள் போதாமையால் அன்று, மிகையானதால் முடங்கிய வலையமைப்பு அது. அந்த மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் பொதுவெளியில் விரிவாகப் பகிர்ந்துகொண்டார். நம் நிறுவனங்களில் அப்படி ஓர் அறிக்கையை நான் இதுவரை படித்ததில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, அதே நவம்பர் மாதத்தில், தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் காகிதத்துக்குத் திரும்பியது. 2022 நவம்பர் 23 அன்று நிகழ்ந்த இணையத் தாக்குதலில் ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் பூட்டப்பட்டன. புறநோயாளிகள் பதிவு உள்ளிட்ட பணிகள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையெழுத்தில் நடந்தன. இது வேறு வகைத் துன்பம். இரண்டாவது சுவிட்ச் இருந்தாலும் தாக்குதலையும் அது சேர்த்தே சுமந்து சென்றிருக்கும். எனினும், நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலில் சொல்லப்பட்ட காரணம் கவனத்துக்குரியது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படவில்லை என்பதே அது.

பகுத்தல் என்றால் என்ன? ஒரே சுவிட்சுக்குள் பல தனித்தனி வலையமைப்புகளை அமைத்து, கணக்குப் பிரிவின் கணினி ஆய்வகச் சர்வரையும், பார்வையாளரின் கைப்பேசி நோயாளியின் பதிவேட்டையும் நேரடியாக எட்ட முடியாதபடி செய்வது. வீட்டில் அறைகளுக்குக் கதவு வைப்பதைப் போன்றது. இதற்குப் பெரும்பாலும் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல சுவிட்சுகள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. யாரோ ஒருவர் அமர்ந்து, யார் யாரோடு பேசலாம் என்று திட்டமிட்டு, கட்டளைகளைப் பதிக்க வேண்டும். மாற்றங்கள் வரும்போது திருத்த வேண்டும். அதாவது, வேண்டியது உழைப்பும் அறிவும்.

சிக்கலின் வேர் இங்குதான் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் எண்ணக்கூடியவை கருவிகள் மட்டுமே. 24 முனை சுவிட்ச் எத்தனை, வைஃபை கருவி எத்தனை, இழை எத்தனை மீட்டர் என்று கேட்கலாம், விலை ஒப்பிடலாம், மிகக் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்துவிடலாம். நன்றாகக் கட்டமைக்கப்பட்டதா என்பதை வாங்குபவரால் பார்த்து அறிய முடியாது; விற்பவருக்கு மட்டுமே தெரியும். பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கியது இதைத்தான். தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் நல்ல சரக்கு வெளியேறும், மட்டமானது நிலைக்கும். கவனமாகக் கட்டமைக்கும் நிறுவனம் அதற்கான கூலியைச் சேர்த்து விலை சொல்லும், தோற்கும். பெட்டியைப் பிரித்து, மாட்டி, விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போகும் நிறுவனம் வெல்லும்.

தரத்துக்கும் மதிப்பெண் அளித்துத் தேர்வு செய்யும் முறையை, குறிப்பிட்ட வகைப் பணிகளுக்கு அனுமதித்து மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தரத்துக்கான மதிப்பெண் அதிகபட்சம் 30 விழுக்காடு. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், பொருள் கொள்முதல் என்ற தலைப்பில் வலையமைப்பை வாங்கும் வரை இந்தக் கதவு திறக்காது.

வைஃபை பக்கம் வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. காரணம், அங்கே பங்கிடப்படுவது காற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005-இல் வழி பிறந்தது. அதில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் மூன்றே. ஒரே தடத்தில் இருக்கும் கருவிகள் அனைத்தும் முறை வைத்துத்தான் பேச முடியும். அடுக்குமாடிக் கட்டடத்தில் பக்கத்து அறை மட்டுமன்றி, மேல்தளமும் கீழ்த்தளமும்கூட அண்டை வீடுகளே. தளம் ஒன்றின் வரைபடத்தைப் பார்த்துத் தடங்களைப் பிரித்துவிட்டு, அதே வரைபடத்தை ஐந்து தளங்களுக்கும் நகலெடுத்தால், ஒரே தடம் செங்குத்தாக அடுக்கி நிற்கும்.

வேகம் குறைகிறது என்று புகார் வந்தால் செய்யப்படுவது என்ன? கருவியின் ஒலிபரப்புத் திறனை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். இது ஒலிபெருக்கி வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியரைப் போன்றது. அவர் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும். கடைசி வரிசை மாணவனின் பதில்தான் அவருக்குக் கேட்காது. கைப்பேசியில் சமிக்ஞைக் கோடுகள் நிறைந்திருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. போதாக்குறைக்குப் பக்கத்து வகுப்புகளுக்கும் அந்த இரைச்சல் இடைஞ்சல். பொறுமை இழந்த பேராசிரியர் ஒருவர் தம் அறையில் சொந்தமாக ஒரு சிறு வைஃபை பெட்டியை வாங்கி மாட்டுவார். அவருக்கு நன்மை, நாற்பது பேருக்கு இடையூறு. பொது மேய்ச்சல் நிலம் அழிவதைப் பற்றி நான் எழுதிய கரும்பலகை விளக்கங்கள் எதையும்விட இது தெளிவான எடுத்துக்காட்டு.

இங்கேயும் மாற்று ஏற்பாட்டுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தளத்தில் இரண்டு சுவிட்சுகள் இருந்தால், வைஃபை கருவிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டிலும் பிரித்து இணைக்க வேண்டும். ஒரு சுவிட்ச் போனாலும் தளத்தின் ஒரு பாதி இருண்டுவிடாமல், எங்கும் ஓரளவு இணைப்பு எஞ்சும். கம்பியின் நீளத்தைச் சற்று மிச்சப்படுத்த, கிழக்குப் பக்கக் கருவிகள் அனைத்தையும் ஒரு சுவிட்சிலும் மேற்குப் பக்கத்தவற்றை மற்றொன்றிலும் மாட்டுவதே நான் பெரும்பாலும் கண்டது.

இந்த இடத்தில் செய்தி ஒன்று தொடர்புடையதாகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018-இல் உரிம விலக்கு கிடைத்தது. அடுத்தபடியாக, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸைக் குறைந்த திறன் வைஃபைக்கு உரிமமின்றித் திறந்துவிடும் வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அமெரிக்கா 2020-லேயே 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. அலைவரிசை பெருகினால் நெரிசல் தீரும் என்ற எதிர்பார்ப்பில் புதிய கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளிகள் வரிசைகட்டும்.

நெரிசல் குறையும் என்பது மெய்யே. ஆனால், அலைவெண் உயர உயரச் சுவரை ஊடுருவும் ஆற்றல் குறையும். எனவே, கருவிகள் கூடுதலாக வேண்டும். அவற்றைத் தாங்கும் சுவிட்சுகளும் வேண்டும். புதிய கருவிகளுக்கு மின்சாரமும் அதிகம். 24 முனைகளும் தலா 30 வாட் தர வேண்டுமென்றால் 720 வாட் தேவை. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 24 முனை சுவிட்சுகள் பலவற்றில் மொத்தத் திறன் 370 வாட்தான். மின்சாரம் போதாத நிலையில் புதிய கருவி அரைவேகத்தில் இயங்கும் அல்லது அடிக்கடி அணைந்து எழும். பழி வைஃபை மீது விழும்.

எல்லாக் கட்டடங்களிலும் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு தளப் பள்ளிக்கு அது வீண். கட்டமைப்புப் பதிக்கப்பட்ட ஓர் உபரி சுவிட்சைத் தலைமையாசிரியர் அறை அலமாரியில் வைத்திருந்தால் போதும். அரை மணியில் மாற்றிவிடலாம். விடுதி மாணவர்களின் இரவுநேரத் திரைப்படம் ஒரு மணி நேரம் நின்றால் உலகம் முழுகிவிடாது. தீவிர சிகிச்சைப் பிரிவும், இணையவழித் தேர்வு நடக்கும் அரங்கமும் வேறு. கணினித் தேர்வில் இருபது நிமிடம் இணைப்பை இழந்த மாணவியின் கண்ணீரைத் தேர்வு மையத்தில் பார்த்திருக்கிறேன். இழந்த நிமிடங்களை அவருக்குத் திருப்பித் தந்தார்கள், இழந்த அமைதியைத் தர இயலவில்லை. முடக்கத்தின் விலை இடத்துக்கு இடம் வேறுபடும்போது காப்பின் அளவும் வேறுபடுவதே சிக்கனம்.

ஆனால், எங்கு இரண்டாவது இணைப்பு வாங்கப்படுகிறதோ அங்கு அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்க வேண்டும். ஒரு சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்தி, ஓர் இழையைக் கழற்றி, எல்லாத் தளங்களிலும் வேலை தொடர்கிறதா என ஆளுக்கொரு தளமாக நின்று பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை; என்னைப் போன்ற பொருளாதார ஆசிரியரே செய்யலாம். அகர்லாஃபின் சிக்கலுக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை. சுவிட்சுகளின் கடவுச்சொல்லும், கட்டமைப்பின் நகலும் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். நான் குறிப்பிட்ட கல்வி நிறுவனத்தில் கடவுச்சொல் ஒப்பந்ததாரரிடம் மட்டுமே இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேரத்தில் அதற்கு என்ன மதிப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். மூலதனச் செலவுக்கு எளிதில் கையெழுத்திடும் நம் நிதிக் குழுக்கள், தொடர் செலவு என்றதும் பேனாவை மூடிவிடுகின்றன.

அந்த நிறுவனத்தில் எங்கள் குழுவின் பரிந்துரைப்படி சில மாற்றங்கள் நடந்தன. மைய சுவிட்சுகளில் ஒன்று கட்டடத்தின் மறுமுனைக்கு, வேறொரு யுபிஎஸ்ஸுக்கு இடம்பெயர்ந்தது. தலைமை சுவிட்ச் எது என்பது முறைப்படி குறிக்கப்பட்டது. பருவத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை பிற்பகலில் ஓர் இழையைக் கழற்றிச் சோதிப்பது என்றும், முடிவை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்திடுவது என்றும் முடிவாயிற்று. சென்ற மாதம் வேறு வேலையாக அங்கு சென்றபோது அலமாரியைத் திறந்து பார்த்தேன். தாளில் நான்கு பதிவுகள் இருந்தன. கடைசிப் பதிவுக்குப் பின் இரண்டு பருவங்கள் கடந்திருந்தன. கையெழுத்திட்டு வந்த தொழில்நுட்ப உதவியாளரைப் பற்றி விசாரித்தேன். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றார்கள்.